அன்ரனாவும் அக்காவின் கயிறும்

எங்கள் வீட்டு அன்ரனா எப்போதும் மேற்கே பார்த்தபடிதான் நின்றது. எங்கள் வீடு என்றில்லை, பண்டத்தரிப்பில் அந்தக் காலத்தில் கூரையில் அன்ரனா நட்ட எல்லா வீட்டிலும் அப்படித்தான். பொழுது படுகிற பக்கம் கடல், கடலுக்கு அப்பால் இந்தியா, இந்தியாவில்தான் நல்ல படம் போடுவார்கள். வீட்டு வாசலை எந்தத் திசையில் வைப்பது என்று சாத்திரியிடம் நாலு தரம் நடந்தவர்கள்கூட, அன்ரனாவின் முகத்தை எந்தப் பக்கம் வைப்பது என்று யாரையும் கேட்டதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விடயமாக அது யாருக்கும் தோன்றவில்லை.

ரீவி, நான் வேலைக்குப் போய் வாங்கிய முதல் பெரிய சாமான். வாங்கிய அன்றே சமைக்கிற குசினிக்கு மேலிருந்த கொங்கிறீற் கூரையில் இரண்டு குழாய்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, உச்சியில் அன்ரனாவை ஏற்றினேன். ஏற்றினால் மட்டும் போதாது. காற்றுக்கு அது அசையும், காகம் இருந்தால் திரும்பும், மழைக்குப் பிறகு ஏனென்று தெரியாமலே படம் போய்விடும். அப்போது ஒருவர் கூரையில் ஏறிக் குழாயைத் திருப்ப, இன்னொருவர் வீட்டுக்குள் ரீவிக்கு முன்னால் நின்று கத்த வேண்டும். ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் ஒழுங்கை முழுவதும் ஒரே சத்தமாக இருக்கும். "வந்திட்டுது! வந்திட்டுது! ஐயோ, போட்டுது! அங்காலை இல்லை, இஞ்சாலை!" என்று வீட்டுக்கு வீடு கேட்கும். கூரையில் நிற்பவருக்கு எது தன் வீட்டுக் குரல் என்று தெரியாமல், அடுத்த வீட்டுக்காரருக்குச் சொன்னதைக் கேட்டுத் தன் அன்ரனாவைத் திருப்பியதும் உண்டு.

எங்கள் வீட்டில் அந்தக் குழப்பம் இருக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் பொழுதுபடும்வரை தோட்டத்தில் நிற்பார்கள். வீட்டில் இருப்பது நானும் அக்காவும்தான். அக்காவுக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காது, வாய் பேசவும் வராது. நான் மேலே நின்று "வருகுதோ?" என்று கேட்டால் யார் பதில் சொல்வது? முதல் இரண்டு நாளும் திருப்புவதும் இறங்கி ஓடிவந்து பார்ப்பதும் திரும்ப ஏறுவதுமாக எனக்கு மூச்சு வாங்கியது. மூன்றாம் நாள் அக்கா கிணற்றடியில் கிடந்த பழைய கயிற்றை எடுத்துவந்தாள். ஒரு முனையை என் இடது மணிக்கட்டில் கட்டினாள். மறு முனையை யன்னலால் உள்ளே இழுத்துக்கொண்டுபோய்த் தன் மடியில் வைத்தபடி ரீவிக்கு முன்னால் இருந்தாள்.

ஒரு இழுப்பு என்றால் நல்லாகி வருகிறது, இன்னும் திருப்பு. இரண்டு இழுப்பு என்றால் தாண்டிவிட்டாய், பின்னுக்கு வா. விடாமல் இழுத்துப் பிடித்தால், அப்படியே நில். ஒழுங்கையில் மற்ற வீடுகள் கத்தி முடிப்பதற்குள் எங்கள் வீட்டில் படம் தெளிந்துவிடும். கயிறு ஒன்றுக்கொன்று மாறாகச் சொல்வதில்லை, கோபித்துக்கொள்வதுமில்லை. கோபம் வீட்டில் எனக்கு மட்டுந்தான் வரும். அது அப்போதும் அப்படி, இப்போதும் அப்படி.

அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். தையல் அவளுடைய தொழில். இந்தச் சுற்று வட்டாரத்தில் அவள் தைத்த சட்டையைப் போட்டு ஒருமுறையாவது கோயிலுக்குப் போகாத பெண்கள் குறைவு. கலியாணம் செய்யவில்லை. கேட்டு வந்த இரண்டு பகுதியும் தன்னைப் பார்க்க வரவில்லை, இந்த வீட்டைப் பார்க்கத்தான் வந்தார்கள் என்று அவளே கையால் சொல்லிச் சிரிப்பாள். நான் கலியாணம் செய்து, மனைவி இந்த வீட்டுக்கு வந்து, ஒரு வருடத்துக்குள் அக்காவின் கைப்பேச்சை என்னைவிட நன்றாகக் கற்றுக்கொண்டாள். அதில் எனக்குச் சின்னப் பொறாமை உண்டு. என் மனைவிக்குப் பொறுமை அதிகம், அவ்வளவுதான் என்று என்னை நானே தேற்றிக்கொள்வேன்.

ஆனால் செய்தி சொல்வது என் வேலையாகவே இருந்தது. ரேடியோவில், பிறகு ரீவியில், யாராவது கொஞ்ச நேரம் தொடர்ந்து வாயசைத்தால் அக்கா என் பக்கம் திரும்புவாள். உள்ளங்கையை மேலே விரித்து மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்புவாள். எங்கள் வீட்டில் அதற்கு "என்னவாம்?" என்று அர்த்தம். நான் இரண்டு சைகையில் பதில் சொல்லிவிட்டு என் பாட்டில் கேட்டுக்கொண்டிருப்பேன். பத்து நிமிடச் செய்திக்கு இரண்டு சைகை. பேப்பரை அவள் எழுத்துக்கூட்டி வாசிப்பாள்; அது தனக்கு இங்கிலீசு மாதிரி, விளங்கும், ஆனால் உள்ளே போக முடியாது என்று ஒருமுறை மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். ஆகவே உலகத்தில் நடப்பது அக்காவுக்கு வந்து சேர்வதென்றால் என் கையால்தான் வர வேண்டும்.

என் உத்தியோகமும் அதற்கேற்றதாக அமைந்துவிட்டது. தபால் கந்தோரில் தந்தி எடுக்கிற மேசையில் நெடுங்காலம் இருந்தேன். சனம் ஒரு முழுக் கடிதத்தையே எழுதிக்கொண்டு வரும். நான் பென்சிலால் வெட்டி வெட்டி ஆறு சொல்லாக்கிக் கொடுப்பேன். என்ன வெட்டினாலும் விடயம் போய்ச் சேர்ந்துவிடும் என்பதில் எனக்குப் பெருமை. வீட்டிலும் அதையே செய்தேன். வெட்டியதில் எது அக்காவுக்கு வேண்டியிருந்தது என்று ஒருநாளும் நான் யோசிக்கவில்லை.

ஒரு காலைப்பொழுதை மட்டும் இங்கே சொல்லியாக வேண்டும். நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். ரேடியோவில் மரண அறிவித்தல் போனது. ஒரு பெயர் வாசித்தார்கள், ஊர் வாசித்தார்கள், தகப்பன் பெயர் வாசித்தார்கள். அது அக்காவோடு காது கேளாதோர் பள்ளிக்கூட விடுதியில் ஏழு வருடம் பக்கத்துக் கட்டிலில் படுத்தவளின் பெயர். எனக்குப் பெயர் பிடிபட்டது, பிடிபடவில்லை என்று சொன்னால் பொய். அந்தப் பெயரில் அந்த ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைத்தேன். கந்தோருக்கும் நேரமாகியிருந்தது. அக்கா வந்து நின்று, என்னவாம் என்று கையைத் திருப்பினாள். நான் சவர்க்கார நுரையோடு இரண்டு உள்ளங்கையையும் தட்டிக் காட்டினேன். பிறகு விரல்களைக் கீழ்நோக்கி அசைத்தேன். ஒன்றுமில்லை. மழை.

முப்பத்தோராம் நாள் காரியமான அந்தியேட்டிக்கு அழைப்பு அட்டை தபாலில் வந்தது. அக்கா அதை வாசல் படலையடியில் வாங்கி, அங்கேயே நின்று, எழுத்தெழுத்தாக வாசித்தாள். பிறகு என்னிடம் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: ரேடியோவில் சொன்னார்களா? நான் தோளைக் குலுக்கித் தெரியாது என்று காட்டினேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் எனக்கு இன்றும் வெட்கமான பொய் அதுதான். அவள் அந்தியேட்டிக்குப் போய்வந்து இரண்டு நாள் தையல் மெசினைத் தொடவில்லை.

பிறகு சண்டை, மின்சாரம் இல்லாத வருடங்கள், இடப்பெயர்வு எல்லாம் வந்தது. திரும்பி வந்தபோது ரீவி இல்லை, கதிரை இல்லை, யன்னல் கதவுகூட இல்லை, அன்ரனா மட்டும் நின்றது. யாருக்கும் வேண்டாத சாமான் போலும். மனைவி அதன் குழாயில் உடுப்புக் காயப்போடும் கொடியைக் கட்டினாள். கொஞ்ச வருடத்தில் கேபிள் வந்தது. அன்ரனா காகத்துக்கும் கொடிக்கும் என்றாகிவிட்டது.

கேபிளில் செய்தி வாசிக்கும்போது திரையின் மூலையில் ஒருவர் கையால் மொழிபெயர்ப்பார். அக்கா அதைக் கண்ட முதல் நாள் கதிரையை இழுத்துக்கொண்டு ரீவிக்கு முழங்கை தூரத்தில் போய் இருந்தாள். ஆனால் எங்கள் பக்கத்துக் கேபிள்காரர் திரையின் அடியில் விளம்பரம் ஓடவிடுவார். நகைக்கடை, கலியாண மண்டபம், ரியூசன் கொட்டில் என்று வரிசையாக ஓடி, சரியாக அந்த மனிதரின் கையை மறைக்கும். தலை தெரியும், தோள் தெரியும், கை தெரியாது. கையில்லாமல் அவர் என்ன சொல்வது? ஃபோனில் பார்க்கலாம் என்றால் அதில் அந்த ஆள் புளியங்கொட்டை அளவு. அக்காவின் கண்ணுக்கு அது சரிவராது.

போன ஐப்பசியில்தான் இந்தக் கதைக்கு ஒரு வழி பிறந்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு அக்கா பஸ் ஏறி அரியாலைக்குப் போவாள். அங்கே பள்ளிக்கூடக் காலத்துச் சிநேகிதி ஒருத்தியின் வீட்டில், காது கேளாதவர்கள் ஏழெட்டுப் பேர் கூடிக் கையால் கதைத்து, சாப்பிட்டுவிட்டு வருவார்கள். அந்த முறை வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும்போதே அக்காவின் கை ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பாதிதான் விளங்கியது. மனைவி விளக்கிச் சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, அந்தச் சிநேகிதி வீட்டிலை பழைய அன்ரனாவிலை ஒரு சின்னப் பெட்டியைப் பூட்டியிருக்கினமாம். டிஜிட்டலாம். கேபிளும் இல்லை, டிஷ்ஷும் இல்லை, சும்மா காத்திலை வருகுதாம். பின்னேரம் ஆறரைக்கு ஒரு செய்தி போடுறாங்களாம், அதிலை கையாலை சொல்லுற பிள்ளை பாதித் திரைக்கு நிக்குதாம். விளம்பரம் ஒண்டும் மறைக்கேல்லையாம். மச்சாளுக்கு உது வேணுமாம்."

அக்கா எதையும் இதுவரை வேண்டும் என்று கேட்டவள் இல்லை. நெஞ்சில் ஒரு கையை வைத்து, மற்றக் கையால் பிடித்து இழுக்கிற மாதிரி ஒரு சைகை, அதுதான் "வேண்டும்." அதை மூன்று தரம் செய்தாள். பிறகு என்னைச் சுட்டிக்காட்டி, விரலை ஆட்டினாள். நீ இனிச் சொல்ல வேண்டாம், நானே பார்ப்பேன். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. ஆனால் சரி என்றேன்.

அடுத்த நாளே சுன்னாகம் போனேன். சந்தைக்கு எதிர்ப்பக்கம் இப்படியான சாமான் விற்கிற கடையில் ஒரு தம்பி இருந்தான். அன்ரனாவை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அவன் விரலால் பெரிதாக்கிப் பார்த்தான்.

"உது நல்லாப் பழசண்ணை. பின்னாலை நிக்கிற நீட்டுக் குச்சியள் இதுக்கு உதவாது. முன்னாலை நிக்கிற குட்டைக் குச்சியள் காணும், அதுவே போதும். வயரை மட்டும் புதுசாப் போடுங்கோ. திருப்பி வைக்கத் தெரியும்தானே?"

அங்கேதான் நான் என் வாயைத் திறந்தேன். "தம்பி, நீ பிறக்க முதலே அன்ரனா திருப்பினவன் நான்."

"சரி அண்ணை, சரி அண்ணை" என்று அவன் பெட்டியைப் பையில் போட்டுத் தந்தான். அவன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தது எனக்குத் தெரிந்தது. நான் நின்று கேட்கவில்லை.

புது வயர் போட்டேன். அக்கா பெட்டியை ரீவியோடு பொருத்தினாள். மெசினுக்கு நூல் கோக்கிறவளுக்கு வயர் பூட்டுவது பெரிய வேலையா? பெட்டியின் திரையில் சிக்னலுக்கு ஒரு கோடு உண்டு. வந்தால் அது நீளும். நான் ஏணியை வைத்து ஏறும்போது அக்கா வழியை மறித்தாள். கையில் ஒரு கயிறு. பழைய கயிறு எப்போதோ உக்கிப்போயிருக்கும், இது புது நைலோன் கயிறு. அறுபது தாண்டிய தம்பியின் மணிக்கட்டில் அறுபது தாண்டிய அக்கா கயிறு கட்டுவதைப் பார்த்து மனைவி குசினி வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"மாட்டுக் கண்டு ஒண்டைக் கட்டுறமாதிரி இருக்கு" என்றாள்.

முதல் நாள் ஒரு மணித்தியாலம் திருப்பினேன். மேற்கிலிருந்து கொஞ்சம் வடக்கு, மேற்கிலிருந்து கொஞ்சம் தெற்கு, விரலளவு விரலளவாக. கயிறு அசையவில்லை. முன்னைய ரீவியில் படம் இல்லாவிட்டாலும் புள்ளி புள்ளியாக ஏதாவது பறக்கும், அதற்குள் ஒரு தலை தெரிந்து மறையும், அதைப் பிடித்துக்கொண்டே போகலாம். இதில் அப்படி ஒன்றும் இல்லை. வந்தால் முழுக்க வரும், இல்லையென்றால் நீலத் திரை. இறங்கி வந்து பார்த்தேன். நீலத் திரைக்கு முன்னால் அக்கா கயிற்றைப் பிடித்தபடி கண் இமைக்காமல் இருந்தாள்.

இரண்டாம் நாளும் அப்படியே. நான் வயரைக் குறை சொன்னேன், பெட்டியைக் குறை சொன்னேன், காகத்தைக் குறை சொன்னேன். குழாயில் கொடி கட்டியதால்தான் சிக்னல் உடுப்பில் சிக்குகிறது என்று மனைவியோடு சண்டைக்குப் போனேன். அவள் கொடியை அவிழ்த்து மாமரத்தில் கட்டினாள். அதற்குப் பிறகும் ஒன்றும் வரவில்லை. அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

மூன்றாம் நாள் முழங்கால் நோவோடு இறங்கி, கயிற்றை அவிழ்த்து எறிந்தேன். கேபிளே போதும், இனி நான் ஏற மாட்டேன் என்று அக்காவுக்குக் காட்டினேன். எனக்குச் சைகையிலும் கத்தத் தெரியும். அவள் கயிற்றை எடுத்து, பெருவிரலுக்கும் முழங்கைக்குமாகச் சுற்றி, முடிச்சுப் போட்டு, மெசின் லாச்சியை வெளியே இழுத்து, அதற்குள் வைத்துத் தள்ளி மூடினாள். அந்தச் சின்னச் சத்தம் அவளுக்குக் கேட்காது. எனக்குக் கேட்டது. இடப்பெயர்விலும் கையோடு கொண்டு திரிந்த அந்த அந்தியேட்டி அட்டையை அவள் வைத்திருக்கிற லாச்சியும் அதுதான்.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா சட்டை வெட்டுகிற தாளில் பென்சிலால் ஏதோ கீறிக்கொண்டு வந்து என் முன்னால் விரித்தாள். சிநேகிதியின் அரியாலை வீடு. அதற்குக் கிழக்கே அலை மாதிரிக் கோடு போட்டு உப்பாற்றுக் கடலேரி. வீட்டின்மேல் அன்ரனா. அக்காவுக்குத் துணியில் எது முகப்பக்கம் எது உட்பக்கம் என்று தொட்டாலே தெரியும். பார்த்த எந்தச் சாமானிலும் அவள் அதைத்தான் முதலில் பார்ப்பாள். அன்ரனாவின் குட்டைக் குச்சிகள் உப்பாற்றுப் பக்கம் பார்த்தபடி கீறியிருந்தாள். மேற்கே இருந்தது அதன் முதுகு.

நான் சிரித்தேன். "உங்காலை என்ன கிடக்கு? வன்னிக் காடுதான் கிடக்கு. காட்டைப் பாத்து ஆர் அன்ரனா வைப்பான்?" என்று மனைவியிடம் சொன்னேன்.

அவள் பாத்திரம் கழுவிய கையைத் துடைத்தபடி கேட்டாள்: "நீங்கள் வாங்கினது இந்தியா பாக்கிற பெட்டியோ, இலங்கை பாக்கிற பெட்டியோ?"

 இலங்கைச் செய்தி இலங்கைக் கோபுரத்திலிருந்துதான் வரும் என்பது ஒரு குழந்தைக்கும் தெரியும். கோபுரம் வன்னிப் பக்கம் நிற்பதும் எனக்குத் தெரியும், பஸ்ஸில் கொழும்புக்குப் போகும்போது எத்தனை தரம் அண்ணாந்து பார்த்திருக்கிறேன். தெரிந்தும் மூன்று நாள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கடலைப் பார்த்து விரலளவு விரலளவாகத் திருப்பியிருக்கிறேன். அடுத்த நாள் கூரையில் ஏறிச் சுற்றிப் பார்த்தபோது, அயலில் மிச்சமிருந்த நாலைந்து பழைய அன்ரனாக்களும் பொழுது படுவதைப் பார்க்க வந்த சனம் மாதிரி மேற்கே பார்த்துக்கொண்டு நின்றன. நான் மட்டும் மடையன் இல்லை என்பதில் கொஞ்சம் ஆறுதல்.

இவ்வளவு தூரம் திருப்ப அந்தக் குழாய் பழகியிருக்கவில்லை. குழாயைப் பிடித்திருக்கிற பூட்டு துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி, நட்டுக் கழற்றுகிற சாவியால் தட்டி, ஒரு வழியாகத் தளர்த்தினேன். அக்கா லாச்சியைத் திறந்து கயிற்றை எடுத்துவந்து கட்டினாள், முகத்தில் ஒரு குத்தலும் இல்லை. அவள் உள்ளே போக, நான் குழாயைக் கட்டிப்பிடித்துத் திருப்பினேன். கடல் போனது, கீரிமலைப் பக்கம் போனது, சுன்னாகம் போனது, தென்கிழக்கு வந்தது. கயிறு அசைந்தது.

ஒரு இழுப்பு. நான் அவசரப்பட்டு இன்னும் திருப்பினேன். ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் கழித்து இரண்டு இழுப்பு. பின்னுக்கு வந்தேன். ஒன்றுமில்லை. பிறகு இரண்டு. அப்போதுதான் விளங்கியது, இந்தப் பெட்டி யோசித்துத்தான் பதில் சொல்லும். நான் திருப்பி முடித்து வேறு இடத்துக்குப் போன பிறகுதான் முன்னைய இடத்துப் பதில் அக்காவுக்கு வருகிறது. பொறுக்க வேண்டும். எனக்கு வராத ஒன்று அது. விரலளவு திருப்பி, கையை எடுத்து, இருபதுவரை எண்ணினேன். ஒன்றுமில்லை. இன்னொரு விரலளவு. இருபது. ஒரு இழுப்பு. அரை விரலளவு. பதினெட்டு எண்ணும்போது கயிறு விறைத்தது. விறைத்தது மட்டுமில்லை, விடாமல் இழுத்தாள், என்னைக் கூரையிலிருந்து கீழே கொண்டுவந்துவிடுவாள் போல இழுத்தாள். நான் குழாயைப் பிடித்துக்கொண்டு, "ஓம், ஓம், விளங்கிச்சு, விடு!" என்று கத்தினேன். யாருக்குக் கத்தினேன்? ஆனால் அவ்வளவு சந்தோசம்.

பூட்டை இறுக்கிவிட்டு இறங்கி வந்தேன். படம் கண்ணாடி மாதிரித் தெளிவு. ஆறரைச் செய்தி தொடங்கியிருந்தது. ஒரு பக்கத்தில் வாசிக்கிறவர், மறு பக்கத்தில் பாதித் திரைக்கு ஒரு இளம் பிள்ளை, கறுப்புச் சட்டை, இரண்டு கையும் முழுசாக. அக்கா கயிற்று முனையை மடியில் வைத்தபடி இருந்தாள். என் மணிக்கட்டில் மற்ற முனை இன்னும் கட்டியிருந்தது.

ஆனால் சத்தம் இல்லை. வாசிக்கிறவர் வாயை மட்டும் திறந்து மூடினார். எட்டி ரீவியின் பின்பக்கத்தைப் பார்த்தேன். பெட்டியிலிருந்து வருகிற மூன்று வயரில் படத்துக்கான மஞ்சளை மட்டும் அக்கா பூட்டியிருந்தாள். சத்தத்துக்கான வெள்ளையும் சிவப்பும் பின்னால் தொங்கின. அவளுக்கு அவை எதற்கு? பூட்டுவதற்காக நான் முன்னால் போனேன். அவள் என்னைப் பார்க்காமலே கையால் என் இடுப்பில் தட்டி, விலகு, மறைக்கிறாய் என்றாள். நான் வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தேன்.

குசினிக்குள் இருந்து மனைவி கேட்டாள்: "வந்திட்டுதே? என்னவாம் செய்தியிலை?"

எனக்கு எப்படித் தெரியும்? அந்தப் பிள்ளையின் கை நிற்காமல் ஓடியது. எங்கள் வீட்டுச் சைகை எனக்குத் தெரியும், பள்ளிக்கூடத்து முறையில் அந்த வேகத்துக்குப் பத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. அக்கா தலையாட்டினாள், ஓரிடத்தில் நெற்றியைச் சுருக்கினாள், ஓரிடத்தில் சிரித்தாள். எல்லோரும் சிரிக்கிற இடத்தில் நான் மட்டும் என்னவென்று தெரியாமல் இருக்கிற மாதிரி இருந்தது. பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்து, கடைசியில் தாங்க முடியாமல் அவளுடைய தோளைத் தொட்டேன். உள்ளங்கையை விரித்து, மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்பினேன். ஐம்பது வருடத்துக்குமேல் இந்த வீட்டில் அவள் என்னைக் கேட்ட கேள்வி. நான் அவளைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இரண்டு உள்ளங்கையையும் ஒன்றோடொன்று தட்டிக் காட்டினாள். பிறகு விரல்களைக் கீழ்நோக்கி அசைத்தாள்.

ஒன்றுமில்லை. மழை.

எனக்கு முகம் சூடாகிப்போனது. சவர்க்கார நுரையின் மணம் மூக்கில் அடித்த மாதிரி இருந்தது.  விளம்பர இடைவேளை வந்து அவள் என் பக்கம் திரும்பியதும், எனக்குத் தெரிந்த சைகைகளைத் தேடித் தேடிச் சொன்னேன். உன் சிநேகிதி. அன்று காலை. ரேடியோவில் சொன்னார்கள். எனக்குக் கேட்டது. நான் உனக்குச் சொல்லவில்லை. ஒன்றும் வெட்டாமல் முழுக்கச் சொன்னேன். கண்ணில் நீர் வந்தது, அதையும் மறைக்கவில்லை.

அவள் சுட்டுவிரலால் தன் நெற்றிப் பொட்டில் ஒருமுறை தட்டினாள். தெரியும்.

எப்போதிருந்து என்று நான் கேட்கவில்லை. அவள் கயிற்று முனையை எடுத்து ஒரு தரம் மெதுவாக இழுத்தாள். என் கை அவள் பக்கம் போனது. அவள் முடிச்சை அவிழ்த்துவிட்டு, மணிக்கட்டில் பதிந்திருந்த தடத்தைப் பெருவிரலால் இரண்டு தரம் தேய்த்தாள். பிறகு கதிரையை என் பக்கம் திருப்பிப் போட்டு, செய்தியைத் தொடக்கத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள். எனக்கு விளங்குகிற எங்கள் வீட்டுச் சைகையில், ஆறுதலாக, ஒவ்வொன்றாக. நான் அதைக் குசினிப் பக்கம் பார்த்து உரத்துச் சொன்னேன். வங்கக் கடலில் தாழமுக்கம், மூன்று நாளைக்கு மழை, கடலுக்குப் போக வேண்டாமாம், ஒரு குளம் நிரம்பி வான் பாய்கிறதாம், குளத்தடியில் பாலம் உடைந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் தோணியில் ஏற்றிப் போகிறார்களாம், தோணியில் ஒரு ஆடும் ஏறிவிட்டதாம், அதைப் பார்த்துத்தான் அக்கா சிரித்தாளாம்.

"இஞ்சேருங்கோ, கொஞ்சம் சுருக்கமாச் சொல்லுங்கோவன், பருப்பு அடிப்பிடிக்குது!" என்றாள் மனைவி.

நான் சுருக்கவில்லை. ஆடு என்ன நிறம் என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள்.